டின் பழத்தில் காப்ளர்: வாசகர் கேள்வி – பதில்

அலமாரியில் இருக்கும் டின் பழம், மைதா, வெண்ணெய் இவற்றை வைத்துச் செய்யும் ஃப்ரூட் காப்ளர் (பழத்தோடு மாவைச் சேர்த்து ஓவனில் வேகவைக்கும் இனிப்பு) பற்றிச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கே: சிங்கப்பூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். 'காப்ளர் செஞ்சு தாங்க அப்பத்தா' என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். வீட்டில் அன்னாசி டின், மைதா, வெண்ணெய் இருக்கின்றன. முட்டை சேர்க்காமல் செய்ய முடியுமா? அளவோடு சொல்லுங்கள். — வாசகி, காரைக்குடி

ப: முட்டையே வேண்டாம் ஆச்சி. காப்ளர் அமெரிக்க வீட்டுச் சமையல். அங்கே பெரும்பாலும் பீச் பழத்தில் செய்வார்கள். மாவை ஊற்றிச் செய்வது, உருண்டை உருண்டையாக மாவை மேலே வைத்துச் செய்வது என்று இரண்டு வகை உண்டு. உங்களுக்கு முதல் வகைதான் சுலபம். மாவு பிசையும் வேலை இல்லை.

அன்னாசி டின் 1 (ஏறக்குறைய 850 கிராம்), மைதா 125 கிராம், சர்க்கரை 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், பால் 200 மில்லி, வெண்ணெய் 80 கிராம். உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். உப்பில்லாத வெண்ணெய் என்றால் கால் டீஸ்பூன் போடுங்கள். 20 செ.மீ. சதுரம், 5 செ.மீ. ஆழம் உள்ள பாத்திரம் இந்த அளவுக்குச் சரி.

முதலில் டின்னைத் திறந்து பழத்தை வடிகட்டியில் கொட்டி 10 நிமிடம் விடுங்கள். பாகைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், அதில் அரை டம்ளர், அதாவது 120 மில்லி, தேவைப்படும். டின்னின் மொத்த எடையில் பழம் பாதியை விடச் சற்றே அதிகம்தான் இருக்கும், மீதியெல்லாம் பாகு. லேபிளில் வடிகட்டிய எடை தனியாக அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். வட்டத் துண்டு என்றால் ஒவ்வொன்றையும் எட்டாக நறுக்குங்கள்.

அவனை (ஓவன் அடுப்பை) 180 டிகிரியில் சூடாக்குங்கள். வெண்ணெயைப் பாத்திரத்தில் போட்டு உள்ளே வைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் உருகிவிடும், சிவக்க விடாதீர்கள். அதற்குள் மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடரைக் கலந்து, பாலை ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். தோசை மாவு பதம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்ற வேண்டாம், மாவு சில்லென்று இருந்தால் அது பட்ட இடத்தில் வெண்ணெய் உறைந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும்.

பாத்திரத்தை வெளியே எடுத்து, சூடான வெண்ணெய் மேல் மாவைச் சீராக ஊற்றுங்கள். அதன்மேல் பழத்தைப் பரப்பி, எடுத்து வைத்த 120 மில்லி பாகைச் சுற்றி ஊற்றுங்கள். இதற்குப் பிறகு கிளறவே கூடாது. வெண்ணெய் கீழே, மாவு நடுவே, பழம் மேலே என்று அப்படியே இருக்கட்டும். வேகும்போது பேக்கிங் பவுடரின் வாயு மாவைத் தூக்க, மாவு பழத்தைச் சுற்றி எழும்பி மேலே வரும், பழம் உள்ளே இறங்கும். ஓரங்களில் வெண்ணெய் மாவைப் பொரிப்பதால்தான் அந்த மொறுமொறுப்பு. கிளறிவிட்டால் வெண்ணெய் மாவோடு கலந்து மொத்தமும் கனத்த புட்டிங்காகிவிடும்.

நடுத்தட்டில் 45 முதல் 50 நிமிடம். கடிகாரத்தைவிட ஓரத்துப் பாகைப் பாருங்கள். ஆரம்பத்தில் சின்னச் சின்ன நுரையாகப் படபடவென்று கொதிக்கும். வெந்து வரும்போது குமிழி பெரிதாகி, மெதுவாக எழும்பி, உடைய நேரம் எடுக்கும். மேல்பகுதி பொன்னிறமாகி, பாத்திரத்தை லேசாக அசைத்தால் நடுப்பகுதி ஆடக் கூடாது. குச்சியால் குத்திப் பார்ப்பதானால் பழம் இல்லாத இடமாகக் குத்துங்கள், இல்லையேல் பாகின் ஈரத்தைப் பார்த்து வேகவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். எடுத்ததும் பரிமாறாமல் அரை மணி நேரம் விடுங்கள். பாகு இறுகுவது அப்போதுதான்.

சர்க்கரையை 100 கிராம் வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் மேல்பகுதி சிவக்காது, ரொட்டி போல வெளுத்து நிற்கும்.

கே: மேலே நன்றாகச் சிவந்தது. ஸ்பூனை விட்டால் உள்ளே சொதசொதவென்று மாவு. எங்கே தவறு? — வாசகி, தேவகோட்டை

ப: முழு டின்னையும் பாகோடு கவிழ்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். இந்தப் புகார் வரும் இடமெல்லாம் பெரும்பாலும் காரணம் அதுதான். 125 கிராம் மைதா 200 மில்லி பாலையும் அரை டம்ளர் பாகையும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. டின்னில் உள்ள மொத்தப் பாகையும் ஊற்றினால் மாவு வேகாது, கஞ்சியாகத்தான் கிடக்கும். மீதிப் பாகைச் சுண்டக் காய்ச்சிப் பரிமாறும்போது மேலே ஊற்றிக்கொள்ளுங்கள், வீணாகாது.

பாகு சரியாக இருந்தும் இப்படி ஆனால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, அவன் சூடேறுமுன் பாத்திரத்தை உள்ளே வைத்தது. மேல் கம்பி மட்டும் எரிந்தாலும் இதே கதைதான். ஓ.டி.ஜி.யில் (வீட்டு மின்சார ஓவனில்) மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி குமிழைத் திருப்புங்கள். இன்னொன்று, சூடாக எடுத்த கையோடு தட்டுப் போட்டு மூடியது. ஆவி நீராகி மேலேயே சொட்டும்.

மேல்பகுதி சிவந்து உள்ளே வேகாமல் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போட்டு 170 டிகிரியில் இன்னும் 15 நிமிடம் வையுங்கள், சரியாகிவிடும்.

கே: பேக்கிங் பவுடர் இல்லாததால் ஆப்ப சோடாவை அதே அளவு போட்டேன். மஞ்சளாகி, சோப்பு வாடை வந்தது. — வாசகி, பள்ளத்தூர்

ப: ஆப்ப சோடா வெறும் காரம் (மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு எதிர்க்குணம்). புளிப்பு இருந்தால்தான் வாயு முழுதாக வரும், காரமும் அடங்கும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அதனால் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்ற முடியாது. ஒன்றரை ஸ்பூன் சோடா என்பது தேவையைப் போல ஆறு மடங்கு. அடுத்த முறை கால் டீஸ்பூன் சோடா போதும். 200 மில்லி பாலுக்குப் பதில் 100 மில்லி பாலும் 100 மில்லி புளித்த தயிரும் கலந்து ஊற்றுங்கள். கரைத்த உடனே அவனுக்குள் போய்விட வேண்டும்.

வீட்டில் பழைய பேக்கிங் பவுடர் இருந்தால் அரை ஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் நல்லது. சும்மா கரைந்தால் அதை நம்பி வெண்ணெயை வீணாக்காதீர்கள்.

கே: அவன் இல்லை. இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கலாமா? — வாசகி, அரியக்குடி

ப: ஆவி வேண்டாம். காப்ளருக்கு உலர்ந்த சூடுதான் வேண்டும், ஆவியில் வைத்தால் ஓரம் பொரியாது.

பழைய அடிகனமான அலுமினியப் பானையோ இரும்புச் சட்டியோ எடுத்து, அடியில் ஒரு செ.மீ. உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, நடுவே ஒரு ஸ்டாண்டு வையுங்கள். மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் காயட்டும். மேலே சொன்ன அளவில் பாதியை 15 செ.மீ. கேக் டின்னில் ஊற்றி உள்ளே இறக்குங்கள். டின்னுக்கும் பானைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். மூடியின் உள்பக்கம் ஒரு மெல்லிய துணியை இழுத்து, நான்கு முனையையும் கைப்பிடிக்கு மேல் முடிந்துவிடுங்கள். துணி தீயின் பக்கம் தொங்கக் கூடாது. மூடியில் சேரும் நீரைத் துணி வாங்கிக்கொள்ளும். மிதமானதற்கும் சற்றுக் குறைந்த தீயில் 50 முதல் 60 நிமிடம். 40 நிமிடம் ஆகும்வரை திறக்க வேண்டாம். மேல்பகுதி அவனில் செய்தது போலச் சிவக்காது, ருசியில் குறை இருக்காது. குக்கரில் வைப்பதானால் கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றியாக வேண்டும். புதுக் குக்கரை இதற்குக் கொடுக்காதீர்கள், காய்ந்த சூட்டில் அடி வளைந்துபோகும்.

பணியாரச் சட்டியிலும் சின்னதாகச் செய்யலாம். ஒவ்வொரு குழியிலும் அரை ஸ்பூன் வெண்ணெய், முக்கால் குழிக்கு மாவு, மேலே இரண்டு துண்டுப் பழம், பாகு ஊற்றக் கூடாது. சர்க்கரையைப் பாதியாக்குங்கள், நேர்ச்சூட்டில் அது சீக்கிரம் கருகும். மூடிச் சிறுதீயில் ஆறேழு நிமிடம், திருப்பிப் போட வேண்டாம். முழுக் காப்ளர் ஆகாதுதான், ஆனால் அடிப்பக்கம் நன்றாகப் பொரிந்து வரும். பிள்ளைகளுக்கு மாலைப் பலகாரத்துக்கு நல்லது.

கே: டின் இல்லாமல் மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம் போடலாமா? — வாசகர், கோட்டையூர்

ப: மாம்பழம் அருமையாக வரும். கெட்டியான பங்கனப்பள்ளி எடுங்கள், குழைந்த பழம் மாவில் கரைந்துவிடும். 500 கிராம் துண்டுக்கு 50 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் சோள மாவு சேர்த்துப் பிசறி 15 நிமிடம் வைத்தால் அதுவே பாகு விடும். தனிப் பாகு வேண்டாம். மாம்பழக் கூழ் டின் இருந்தால் அதை ஸ்பூன் ஸ்பூனாக மாவின் மேல் இட வேண்டும், ஓரத்தைத் தொடாமல். ஓரத்தில் பட்டால் கருகும்.

பலாச்சுளையை அப்படியே போட்டால் ரப்பர் போல இழுக்கும். கீறி, கொஞ்சம் தண்ணீரும் வெல்லமும் விட்டு 10 நிமிடம் மூடி வேகவைத்து, ஆறிய பிறகு போடுங்கள். வாழையில் நேந்திரம் மட்டும் சரி, ஒன்றரை செ.மீ. கனத்துக்கு நறுக்கி 100 மில்லி வடிகட்டிய வெல்லப்பாகோடு. மலைவாழையை இதில் போட எங்களுக்கு மனம் வரவில்லை, சும்மா சாப்பிடவே அது நல்ல பழம்.

புது அன்னாசியை மட்டும் சர்க்கரை சேர்த்து 5 நிமிடம் கொதிக்கவிட்டுப் போடுங்கள். அதிலுள்ள புரோமிலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைப்பதால் பச்சையாகப் பாலில் கிடந்தால் கசக்கும். கொதித்தால் நொதி செயலிழந்துவிடும். டின் பழம் ஏற்கெனவே சூடாக்கப்பட்டது, அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை.

கே: பாக்கெட் கேக் மிக்ஸைப் பழத்தின் மேல் தூவிச் செய்தேன். மேலே வெள்ளை வெள்ளையாகப் பச்சை மாவு. — வாசகி, நாட்டரசன்கோட்டை

ப: இது வேறு முறை, இங்கே கணக்கும் தலைகீழ். தூவிய மாவுக்குப் பால் கிடையாது. அதை நனைக்க டின் பாகும் வெண்ணெயும்தான் உண்டு. அதனால் இதற்குப் பாகை வடிக்கவே கூடாது. பழத்தைப் பாகோடு அடியில் ஊற்றி, 250 கிராம் மிக்ஸைச் சீராகத் தூவி, 100 கிராம் வெண்ணெயைச் சில்லென்று இருக்கும்போதே மெல்லிய வில்லைகளாகச் சீவி இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். உருக்கி ஊற்றினால் ஒரே இடத்தில் தேங்கும். 25 நிமிடம் கழித்துத் திறந்து பார்த்து, வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதன்மேல் ஒரு ஸ்பூன் பாலைத் தெளித்து மீண்டும் 20 நிமிடம் வையுங்கள்.

கே: எங்கள் வளவில் (பூர்வீக வீட்டில்) பழைய எனாமல் பாத்திரங்கள் நிறையக் கிடக்கின்றன. அதில் செய்தால் பார்க்க அழகாக இருக்குமே? — வாசகி, கானாடுகாத்தான்

ப: அழகுதான், ஆனால் வேண்டாம். பழைய எனாமலின் வண்ணப் பூச்சில் ஈயம், காட்மியம் இருக்க வாய்ப்பு உண்டு. அன்னாசி, மாங்காய் போன்ற புளிப்பும் சூடும் சேரும்போது அது உணவில் இறங்கும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் கண்ணாடித் துணுக்கும் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கும் பாத்திரத்துக்கும் இதேதான். அதில் பூ வையுங்கள், முழுப் பழம் அடுக்குங்கள். காப்ளருக்கு ஸ்டீல் தட்டு அல்லது அவனுக்கென்றே விற்கும் கண்ணாடிப் பாத்திரம். கண்ணாடியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக அவனில் வைக்காதீர்கள், விரிசல் விடும்.

கே: வீட்டு விசேஷத்துக்கு 40 பேர். முன்கூட்டியே செய்து வைக்கலாமா? மிஞ்சினால் எத்தனை நாள் இருக்கும்? — வாசகர், தேவகோட்டை

ப: முதலில் சொன்ன அளவு ஆறேழு பேருக்கு வரும். 23 × 33 செ.மீ. தட்டில் அதைப் போல இரண்டு மடங்கு கொள்ளும், 55 முதல் 60 நிமிடம் ஆகும். அப்படி மூன்று தட்டு போதும். ஒரே பெரிய பாத்திரத்தில் ஆழமாக ஊற்றினால் நடுப்பகுதி வேகாது. மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடரை முந்தின நாளே அளந்து தட்டுக்கு ஒரு பையாகக் கட்டி வைக்கலாம். பால் மட்டும் கடைசியில். ஊற்றிய பிறகு 10 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் வாயு போய்விடும், எனவே அவன் காலியாகும் நேரம் பார்த்து ஒவ்வொரு பையாகக் கரையுங்கள்.

மிஞ்சியதை நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். 160 டிகிரியில் 15 நிமிடம் சுட வைத்தால் ஓரம் மறுபடி மொறுமொறுக்கும், மைக்ரோவேவில் நமத்துவிடும். திறந்த டின்னில் மீதிப் பழத்தை விட்டுவைக்காமல் ஸ்டீல் அல்லது கண்ணாடி டப்பாவுக்கு மாற்றுங்கள். உப்பிய டின் என்றால் திறந்து முகர்ந்துகூடப் பார்க்காமல் அப்படியே தூர எறியுங்கள்.