எண் கேட்கும் பெட்டியில் 'தவறான உள்ளீடு' என்று காட்டினால் போதாதா?

எண் மட்டும் நிரப்ப வேண்டிய பெட்டியில் வேறு எதையாவது தட்டினால், 'தவறான உள்ளீடு' என்று ஒரே செய்தி காட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. படிவத்தைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஒரு நெருக்கடியில்தான் அதே வரியை எழுதினேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சரக்குக் கிடங்குக்கு எடை பதியும் படிவம் செய்தேன். காலியாக விட்டாலும், எழுத்து கலந்தாலும், வரம்பு மீறினாலும் 'தவறான மதிப்பு' என்றுதான் வரும். அங்கே கணக்கு எழுதும் அம்மா 1,250 என்று தட்டியிருக்கிறார். சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி தட்டினார், மறுபடி சிவப்பு. தான் எடுத்த எடையில்தான் தவறு என்று நினைத்து, மூட்டைகளை எல்லாம் திரும்ப நிறுத்துப் பார்த்திருக்கிறார். எடை சரியாகத்தான் இருந்தது. என் நிரல் ஏற்காதது அந்தக் காற்புள்ளியை.

புகார் வந்ததும் அவசரமாக, தட்டிய எழுத்துகளை எண்ணாக மாற்றும் ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்ஃப்ளோட்டை (parseFloat) போட்டேன். பிழைச் செய்தி வருவது நின்றது. ஆனால் பார்ஸ்ஃப்ளோட் எண்ணாகப் படிக்க முடிகிற வரை படித்துவிட்டு, காற்புள்ளி வந்ததும் நின்றுவிடும். 1,250 கிலோ 1 கிலோவாகப் பதிவானது. மாதக் கடைசியில் கணக்கு உதைத்தபோதுதான் தெரிந்தது. திட்டு வாங்கியது அந்த அம்மா. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதற்கப்புறம், இயந்திரமே சரிசெய்யக்கூடியதை மனிதரிடம் சொல்வதில்லை. முன்பின் இடைவெளி, ஆயிரத்துக்கான காற்புள்ளி இரண்டையும் நானே நீக்கிவிடுவேன். '1,5' என்று வந்தால் மட்டும் ஊகிக்க மாட்டேன், ஏனென்றால் பல நாடுகளில் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளிதான் போடுவார்கள். '1.5 கிலோவா, 15 கிலோவா?' என்று கேட்டுவிடுவேன். மற்றபடி, காலியாக இருந்தால் 'எடையை நிரப்பவும்'. எழுத்து கலந்தால் 'எண்ணை மட்டும் தட்டவும், உதாரணம்: 12.5'. வரம்பு மீறினால் 'எடை 1 முதல் 5000 கிலோ வரை இருக்கலாம். நீங்கள் தந்தது 50000'. அவர் தட்டியது பெட்டியிலேயே இருக்கட்டும், அழித்துவிடாதீர்கள். சிவப்புக் கட்டம் மட்டும் போட்டு விட்டுவிடவும் கூடாது. எது பிழை என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) அணுகல் விதிகளில் 3.3.1, அதுவும் அடிப்படை நிலையிலேயே.

'எச்டிஎம்எல்லில் பெட்டிக்கு டைப் நம்பர் (type="number") என்று போட்டால் உலாவியே பார்த்துக்கொள்ளுமே, இதற்கு இவ்வளவு கதையா?' என்று சிலர் வருவார்கள். நானும் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எண்ணாகப் படிக்க முடியாததைத் தட்டினால் அந்தப் பெட்டியின் மதிப்பு வெற்றுச் சரமாகத்தான், அதாவது காலியாகத்தான், நிரலுக்குக் கிடைக்கும். தட்டியதை எண்ணாகப் படிக்க முடியவில்லை என்று உலாவி குறித்து வைக்கும் பேட்இன்புட்டை (validity.badInput) பார்க்காவிட்டால், நிரப்பியவரிடமே 'நிரப்பவும்' என்று சொல்வீர்கள். ஸ்டெப் (step), அதாவது எண்கள் எவ்வளவு இடைவெளியில் இருக்கலாம் என்பதை, தராவிட்டால் அது 1 என்று எடுத்துக்கொண்டு, 12.5 தவறு என்றும் சொல்லும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். செய்தியைத் துண்டு துண்டாக ஒட்டுகிறார்களே, 'புலத்தின் (நிரப்பும் பெட்டியின்) பெயர்' கூட்டல் 'ஐ நிரப்பவும்' என்று, அதைத் தமிழுக்குச் செய்யாதீர்கள். 'எடைஐ நிரப்பவும்', 'நீளம்ஐ நிரப்பவும்' என்றெல்லாம் திரையில் வந்து நிற்கிறது. எடை எடையை ஆகும், நீளம் நீளத்தை ஆகும், ஒட்டினால் எப்படி வரும்? மொழிபெயர்ப்பவரிடம் வெறும் 'ஐ நிரப்பவும்' என்ற துண்டை அனுப்பிவிட்டு, பிறகு தமிழ் சரியில்லை என்று அவரைக் குறை சொல்கிறார்கள். எனக்கே நடந்திருக்கிறது. பதினைந்து புலங்கள் இருந்தால் பதினைந்து முழு வாக்கியங்கள் எழுதுங்கள், ஒரு மணி நேர வேலைதான்.