பழைய காரின் பழைய நிறம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தந்தை 1967இல் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைப் புதுப்பித்து வருகிறேன். இப்போது அது வெள்ளை நிறத்தில் இருக்கிறது. வாங்கியபோது வெளிர் நீலம் என்கிறார் அம்மா, ஆர்.சி. புத்தகத்தில் 'நீலம்' என்று மட்டுமே உள்ளது. எந்த நீலம் என்பதை எப்படிக் கண்டறிவது?
– ஈரோடு வாசகர்

பதில்: பழைய கலர் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போய்விடாதீர்கள்; காருக்கு முன்பே அந்தப் படத்தின் சாயம் வெளுத்திருக்கும். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுக்கான நிறப்பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். வடிவம் ஒன்றுதான் என்றாலும், டிரையம்ப் தயாரான கோவென்ட்ரியில் கலந்த அதே பெயிண்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனமும் பூசியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் வண்டிதான் முதல் சாட்சி.

ஹெரால்டின் உடல் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) மீது போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டது என்பது உங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பாருங்கள். டாஷ்போர்டின் பின்புறத்தையும், ரப்பர் பீடிங்குகளின் அடியையும், போல்ட் வாஷர்கள் மறைத்திருக்கும் வட்டங்களையும் பாருங்கள். பிறகு அடித்த பெயிண்ட் பெரும்பாலும் இந்த இடங்களுக்குப் போயிருக்காது. ஆனால் மறைவான இடங்களில் தொழிற்சாலைக்காரர்களே மெல்லிய பூச்சோடு நிறுத்தியிருக்கலாம். அடியிலுள்ள பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஊடுருவித் தெரியும் அந்த நீலத்தை அசல் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. ஒரு ரூபாய் நாணய அளவுக்காவது முழுப்பூச்சு உள்ள இடம் தேவை.

அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், வெளிப்புறத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து, 600 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000, 2000 என்று நயமாக்கிக்கொண்டே, தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்தால், வெள்ளையும் அதன் கீழ் உள்ள பூச்சுகளும் மரத்தின் வளையங்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவரும். பிரைமருக்கு நேர் மேலே இருப்பதுதான் நீங்கள் தேடும் நிறம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்புவதைத் தவிருங்கள், முகக்கவசமும் அணியுங்கள்.

கிடைத்த நீலம்கூடப் பிறந்தபோது இருந்த நீலம் அன்று. பெயிண்டைப் பிடித்து வைத்திருக்கும் பசை காலப்போக்கில் மஞ்சளாகும்; வெளிர் நீலத்தின் மேல் அந்த மஞ்சள் ஏறும்போது நிறம் பச்சைச் சாயலுக்குச் சாய்ந்துவிடும். தின்னர் நனைத்த துணியால் ஓரத்தில் துடைத்துப் பாருங்கள். நிறம் துணியில் எளிதில் கரைந்து வந்தால் அது பெரும்பாலும் அக்காலத்து லாக்கர் வகைப் பெயிண்டான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அதன் மேற்பரப்பை ரப்பிங் காம்பவுண்டால் (மெருகேற்றும் பசை) லேசாகத் தேய்த்த பின்னரே, பெயிண்ட் கடையில் உள்ள நிறமளக்கும் கருவியால் அளவிட வேண்டும். கரையாவிட்டால் ஆல்கிட் எனாமல் என்ற இன்னொரு வகைப் பெயிண்டாக இருக்கலாம். அது இருட்டில்தான் அதிகம் மஞ்சளாகும் என்பதால், கழற்றிய பாகத்தைச் சில நாள் வெளிச்சத்தில் வைத்தால் ஓரளவு தெளியும்.

அம்மாவையும் கேட்காமல் விடாதீர்கள். கருவி சொல்லும் நீலத்தை மூன்று அட்டைகளில், சற்றே பச்சை கூடியும் குறைந்தும் அடித்துக் காட்டுங்கள். சொல்லி விளக்க முடியாத நிறத்தைக் கண் அடையாளம் கண்டுகொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கருவியில் அளந்து கலந்த பெயிண்ட் கடையில் அச்சாகப் பொருந்தியது, வீட்டு வாசலில் வைத்தால் வேறு நிறமாகத் தெரிகிறதே, ஏன்?
– மதுரை வாசகர்

பதில்: கடையின் டியூப்லைட்டில் ஒத்துப்போகும் இரு நிறங்கள் சூரிய ஒளியில் பிரிந்து நிற்பது, அவற்றில் உள்ள நிறமிகள் வேறுவேறு என்பதன் அடையாளம். அந்தக் காலத்து நிறமிகள் சில இன்று புழக்கத்தில் இல்லாததால், வேறு நிறமிகளைக் கூட்டியே அதே தோற்றத்தைக் கொண்டுவருகிறார்கள். எனவே, காருக்கு அடிக்கப்போகும் அதே பிரைமரின் மேல், அதே ஸ்ப்ரே கன்னால், அதே எண்ணிக்கையில் பூச்சுகள் அடித்த மாதிரி அட்டை ஒன்றைத் தயாரியுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு காலை நிழலிலும், உச்சி வெயிலிலும், இரவு விளக்கிலும் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் பொருந்தும் கலவை கிடைக்கவில்லை என்றால் பகல் வெளிச்சத்துக்கே முன்னுரிமை கொடுங்கள். காரை டியூப்லைட்டின் கீழ் யாரும் ஓட்டப்போவதில்லை.