கேளுங்கள் டாக்டரம்மா: ஆக்சிஜன் அறையும் ஆட்டிசமும்

கேள்வி: என் பேரனுக்கு நாலரை வயது. ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள், இன்னும் பேச்சு வரவில்லை. காற்றழுத்த அறையில் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தால் பேசிவிடுவான் என்று மகன் சென்னைக்குக் கிளம்பி நிற்கிறான். நாற்பது முறை போகவேண்டுமாம். என் வளையல்களை அடகு வைத்துக் கொடுக்கலாமா?
– ஓர் அப்பத்தா, தேவகோட்டை

பதில்: ஆச்சி, வளையல் கையிலேயே இருக்கட்டும்.

அந்த அறை ஏமாற்று வேலை இல்லை. ஆழ்கடலில் மூழ்கி அவசரமாக மேலே வந்தவர்களுக்கும், ஆறாத சில சர்க்கரைப் புண்களுக்கும் அது நல்ல வைத்தியம். ஆட்டிசத்துக்குத்தான் பலன் நிரூபணமாகவில்லை. ஓடியாடும் பிள்ளையின் ரத்தம் சாதாரணக் காற்றிலேயே ஆக்சிஜனை ஏறக்குறைய முழுசாகச் சுமக்கிறது.

2009இல் அமெரிக்காவில் 62 பிள்ளைகளுக்கு நாற்பது முறை கொடுத்துப் பார்த்து, முன்னேற்றம் என்றார்கள். நாற்பது கணக்கு அங்கிருந்து வந்திருக்கலாம். அப்புறம் தாய்லாந்தில் 60 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன். மற்றதற்கு லேசான அழுத்தத்தில் வெறும் காற்று. யாருக்கு எது என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. 2012இல் வந்த முடிவு: இரண்டு பிரிவிலும் முன்னேற்றம், பிரிவுகளுக்கு இடையே வித்தியாசம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தேறியது என்று யாராவது சொன்னால் அவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளை வளர்கிறது, நாமும் ஆசையோடு பார்க்கிறோம். புகழ் மட்டும் அறைக்குப் போய்விடுகிறது.

ஆபத்தும் உண்டு. அழுத்தத்தால் காதில் காயம் படலாம். சுத்த ஆக்சிஜனில் சின்னத் தீப்பொறி போதும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில், வேறு கோளாறுக்காக அறைக்குள் இருந்த ஐந்து வயதுப் பையன் தீயில் இறந்தான்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கு விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் மத்திய அரசின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு.

வீட்டில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. பேரன் கேட்கும் முன்பே வெள்ளைப் பணியாரத்தைத் தட்டில் வைத்துவிடாதீர்கள். கையில் பிடித்துக்கொண்டு, அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை, அல்லது ஒரு சத்தம் எழுப்பும்வரை கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள். அப்பத்தாக்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம், தெரியும்!

காது கேட்கும் திறனைச் சோதித்தீர்களா என்று எழுதவில்லையே? இல்லையென்றால் இந்த வாரமே அதை முடியுங்கள்.