தோப்புக்கார அப்பாவின் ரிவால்வரை மகனுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. 1998-ல் உரிமம் வாங்கி .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். அதை 20 வயது மகனிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், போலீஸ் விசாரணையே இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அந்தப் பத்திரத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. உரிமம் உங்கள் பெயரில் உங்களுக்கு மட்டும் தரப்பட்டது. உரிமம் இல்லாத மகன் கையில் ரிவால்வர் இருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம் சிறை. கொடுத்த குற்றத்துக்கு நீங்களும் வழக்கில் சேருவீர்கள். புரோக்கர் எங்கும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

முதலில் வயது. ஆயுதச் சட்டம் 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஆகவே இப்போதைக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இங்கேதான் பலர் ஒரு விதிவிலக்கைத் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். உரிமதாரர் எழுதிக் கொடுத்தாலோ, கூடவே இருந்தாலோ இன்னொருவர் அவருடைய துப்பாக்கியைக் கொண்டுபோகலாம் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் மூன்று காரணங்களுக்கு மட்டும்: பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, உரிமதாரரே பயன்படுத்துவதற்காக எடுத்து வர. மகன் தோப்பில் ராத்திரிக் காவலுக்கு வைத்துக்கொள்வது இந்த மூன்றிலும் வராது. "அப்பா லெட்டர் கொடுத்திருக்கிறார்" என்று ஸ்டேஷனில் நீட்டினால் அந்த லெட்டரே உங்களுக்கு எதிரான சாட்சி. 21 நிறையாதவருக்கோ இந்தச் சலுகையும் கிடையாது. ரிப்பேர் கடைக்குக்கூட உங்கள் மகனிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.

அவருக்கு 21 ஆனதும் நேர்வழி திறக்கும். 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசு ஒருவரைக் காட்டலாம். உங்களுக்கு 25 வருடம் தாண்டிவிட்டது. மகன் தன் பெயரில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. வன்முறை வழக்கில் தண்டனை பெற்று சிறை சென்றவருக்கு, தண்டனை முடிந்து ஐந்து வருடம் வரை வாய்ப்பில்லை. கல்லூரி அடிதடி மாதிரி ஏதாவது வழக்கு இருந்தால் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் உரிமமே ரத்தாகலாம்.

போலீஸ் 30 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறை வேறு. இன்ஸ்பெக்டர் மாறினால் விசாரணை மறுபடி முதலிலிருந்து. ஒழுங்காக விண்ணப்பித்தவர் மாதக்கணக்கில் அலைவதால்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். இதைச் சரிசெய்ய யாருக்கும் அக்கறை இல்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீடு செய்யலாம்.

அடுத்து அந்தப் புரோக்கர் "வெளிமாநில லைசென்ஸ், சீக்கிரம் கிடைக்கும்" என்று ஆரம்பிப்பார். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை வெளியாட்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு உரிமம் கொடுத்ததாக சிபிஐ வழக்கே நடத்துகிறது. அந்தக் காகிதத்தை வாங்கியவர்களும் விசாரணைக்கு அலைகிறார்கள்.

வேறு யாருக்காவது விற்பதானாலும் குறுக்குவழி இல்லை. வாங்குபவரிடம் உரிமம் இருக்க வேண்டும். அவர் பெயர், முகவரியுடன் கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகைச் சீல் வாங்கி வையுங்கள்.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது: உங்கள் உரிமம் எந்தத் தேதி வரை என்று பாருங்கள், ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். காலாவதியாகியிருந்தால் ரிவால்வரை வீட்டில் வைக்காமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.