பந்து வருமுன் கால் போகட்டும்

கேள்வி: எனக்கு 52 வயது. பையன்களோடு டேபிள் டென்னிஸ் ஆடும்போது, கை போவதற்குள் பந்து தாண்டிவிடுகிறது. வயதுதான் காரணமா? (காட்பாடி)

வயது கொஞ்சம் காரணம். நீங்கள் பார்க்கும் இடம்தான் பெரிய காரணம். மேசையின் நீளம் 2.74 மீட்டர். வேகமான டாப் ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும்படி அடிக்கும் பந்து) அதைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. பந்து வலையைத் தாண்டிய பிறகு முடிவெடுத்தால் இருபது வயதுக்காரருக்கும் நேரம் போதாது. எதிராளியின் பேட்டைப் பாருங்கள். பேட் இடுப்புக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் டாப் ஸ்பின். உயரத்திலேயே நின்று முகம் மேல்நோக்கித் திறந்திருந்தால் புஷ், அதாவது பந்தின் அடிப்பக்கத்தை வருடி மெதுவாகத் தள்ளுவது. அவர் பந்தைத் தொடும் கணத்தில் நீங்கள் லேசாக எம்பி இறங்குங்கள். அந்தச் சின்னத் துள்ளல் இருந்தால் கால் எந்தப் பக்கமும் போகும்.

கேள்வி: ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் நடுவுக்கு வந்துவிடுகிறேன். ஆனாலும் ஃபோர்ஹேண்ட் பக்கம், அதாவது பேட் பிடித்த கைப் பக்கம், அடி வாங்குகிறேன். (ராணிப்பேட்டை)

எந்த நடு என்பதுதான் விஷயம். மேசையின் நடுக்கோடு இல்லை. எதிராளி அடிக்கக்கூடிய இரண்டு ஓரங்களுக்கு இடையிலான நடு. இருவரும் வலதுகைக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஃபோர்ஹேண்ட் மூலைக்கு நீங்கள் அடித்தால், அவர் குறுக்கே திருப்பும் பந்து உங்கள் வலது பக்கக் கோட்டையும் தாண்டி விலகிப் போகும். அப்போது நீங்கள் வலப்பக்கம் ஓரடி தள்ளி நிற்க வேண்டும். சத்துவாச்சாரியில் நான் பழக்கும் பிள்ளைகளுக்குத் தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டுக்கொடுப்பேன்: அங்கே அடித்தால் இந்த வட்டம், இங்கே அடித்தால் அந்த வட்டம். முதல் வாரம் காலைக் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். அப்புறம் கோடு அழிந்தாலும் கால் தானே போய் நிற்கும்.

கேள்வி: எங்கள் மாடி அறையில் மேசைக்குப் பின்னால் நாலடிதான் இருக்கிறது. (குடியாத்தம்)

சர்வதேசப் போட்டிகளில் ஆடுகளம் குறைந்தது 14 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். அது நமக்கு எங்கே கிடைக்கும்? சரி, மேசையை ஒட்டியே நில்லுங்கள். பந்து எழும்பும்போதே பிளாக் செய்யுங்கள், அதாவது பேட்டை வீசாமல் தடுத்துத் திருப்புங்கள். பின்வாங்கி ஆடும் பழக்கமே வேண்டாம்.

கேள்வி: எதிராளி இரண்டு பக்கமும் நன்றாக ஆடுகிறார். எங்கே அடிப்பது? (ஆம்பூர்)

அவருடைய பேட் பிடித்த கையின் முழங்கையை நோக்கி. ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா (மறுபக்க அடியா) என்று அவர் தடுமாறும் இடம் அது. ஆனால் அவர் நகர நகர அந்த இடமும் நகரும். அடிக்கும் முன் ஒரு தரம் அவரைப் பார்த்துவிடுங்கள்.