பேரனுக்குச் செகா, பாட்டிக்குத் தேவாரம்: யாருடைய ரசனை உயர்ந்தது?

கேள்வி: என் பேரன் எங்கள் மொரிஷியஸ் தீவின் நாட்டுப்புற இசையான செகா பாட்டு என்றால் சாப்பாட்டையும் மறந்து கேட்கிறான், கோயிலில் தேவாரம் பாடத் தொடங்கினால் வெளியே போய்விடுகிறான். எனக்கோ செகா வெறும் கொட்டுச் சத்தமாகவே கேட்கிறது. இசை ரசனை பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா? எங்கள் இருவரில் யாருடைய ரசனை உயர்ந்தது?
– வாசகி ஒருவர், ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: அம்மா, ஓர் இசை நமக்குப் பிடிப்பது வேறு, அது செம்மையாக அமைந்திருக்கிறது என்று மதிப்பிடுவது வேறு. தாங்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள்.

பிடித்தம் பெரும்பாலும் பழக்கத்தால் வளர்வது. பொருளற்ற சொற்களையும் முன்பின் அறியாத முகங்களையும் கூட, அடிக்கடி கண்ட அளவுக்கு மனிதர்கள் விரும்பத் தொடங்குகிறார்கள் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் எடுத்துக்காட்டினார். இணக்கமான சுரச்சேர்க்கை எல்லா மனிதருக்கும் இயல்பாகவே இனிக்கும் என்ற நெடுநாள் நம்பிக்கையும் 2016இல் வெளியான ஓர் ஆய்வால் ஆட்டம் கண்டது. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்கள் இணக்கமானதையும் முரணானதையும் வேறுபடுத்தி அறிந்தபோதிலும், இரண்டையும் ஒரே அளவு இனிமையானவை என்றே கூறினர்.

ஆயினும் எல்லாமே பழக்கம் என்று முடித்துவிட முடியாது. அறிமுகமில்லாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் 14,000க்கும் மேற்பட்டோருக்கு வழங்கி 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பிறர் எதை விரும்பினார்கள் என்பது தெரிந்தவுடன் பாடல்களின் வரிசை கேட்போர் குழுவுக்குக் குழு பெரிதும் மாறியது. அப்படியிருந்தும் மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்கு அரிதாகவே போயின. மிக மோசமானவை அரிதாகவே மேலே வந்தன. கூட்டத்தின் ஆரவாரத்தையும் மீறி நிற்கும் ஏதோ ஒரு தரம் இசையில் இருக்கிறது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தத் தரத்தை உணர, நிறையக் கேட்ட பயிற்சியும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் முன்முடிவற்ற மனமும் வேண்டும் என்று தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1757இலேயே எழுதினார். ஆகவே செகா கொட்டுச் சத்தமாகக் கேட்பது செகாவின் குறையன்று. ஆட்டுத்தோல் போர்த்திய ரவான் பறையைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றி, விதைகள் அடைத்த மரவானின் சலசலப்பும் முக்கோணக் கம்பியின் ஒலியும் அதனோடு பின்னிவர, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் காத்து வந்த கலை அது. யுனெஸ்கோ 2014இல் அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த அடி எங்கே விழுகிறது என்று பேரனையே சொல்லித்தரச் சொல்லுங்கள். அதைக் கேட்டுப் பழகாத வரை, உயர்வு தாழ்வு பேச நமக்குத் தகுதியில்லை. தேவாரத்தைப் பொறுத்தவரை பேரனுக்கும் அதே விதிதான்.

அவனைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள். வற்புறுத்தலோடு சேர்ந்து வரும் இசை வெறுப்பையே வளர்க்கக்கூடும். முற்றிலும் புதியதைக் காட்டிலும், சிறிது தெரிந்ததும் சிறிது புதியதும் கலந்த இசையே கேட்பவரை எளிதில் ஈர்க்கிறது. பழம்பஞ்சுரப் பண்ணில் அமைந்த பதிகங்களை இன்று ஓதுவார்கள் சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். அந்த இராகத்தின் ஏழு சுரங்களும் மேஜர் ஸ்கேல் என்னும் மேற்கத்திய சுரவரிசையின் சுரங்களே என்பதால், இன்றைய செகாவின் கித்தார் இசையில் ஊறிய அவன் காதுக்கு அவை அந்நியமாக இரா. அப்பதிகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சில வாரங்கள் வீட்டில் அடிக்கடி மெல்ல ஒலிக்க விடுங்கள்.