துணிப்பைக்கு முன்னால் குப்பைத் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: கணவரும் நானும் 14 வருடமாகப் பல்பொருள் அங்காடி நடத்துகிறோம். இப்போது இரண்டு கிளைகள், 22 ஊழியர்கள். கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள், “இவ்வளவு விற்கிறோமே, இந்த மண்ணுக்கும் சுற்றியிருக்கிற ஜனங்களுக்கும் நாம் என்ன செய்கிறோம்?” என்று கேட்கிறாள். எனக்கும் அது உறுத்துகிறது. கடைப் பெயர் அச்சிட்ட துணிப்பைகளை இலவசமாகக் கொடுக்கலாம், மரம் நடும் விழா வைக்கலாம் என்கிறார் கணவர். இது சரியான தொடக்கமா? செலவெல்லாம் போகக் கையில் நிற்பது கொஞ்சம்தான். பெரிய முதலீடு தாங்காது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகளைப் பாராட்டுகிறேன். கடைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை இப்படிக் கேட்பது சின்ன விஷயமில்லை. நான் பல வருடம் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: அவள் கேள்விக்கான பதில், சரக்கை நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள், எவ்வளவு வாங்குகிறீர்கள், அதற்கு எப்போது பணம் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. விழாவுக்கு ஒதுக்கும் பணத்தை இப்போதைக்குத் தொடாமல் வையுங்கள்.

முதலில் பை விஷயத்தை முடித்துவிடுவோம். 2018-இல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு பைகளைப் பற்றி ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலே, ஒரு பருத்திப் பை சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் குறைந்தது 52 முறை பயன்பட வேண்டும் என்றது அந்த ஆய்வு. தண்ணீர், ஓசோன் படலம் என்று எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் அது 7,100 முறை! குப்பையாகிக் கடலிலும் வாய்க்காலிலும் சேரும் பிளாஸ்டிக்கின் கேட்டை அந்த ஆய்வு எடைபோடவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் இலவசமாகக் கொடுத்த துணிப்பை ஒவ்வொரு வீட்டிலும் பத்து, பதினைந்து என்று சேர்ந்து கிடந்தால் யாருக்கும் லாபமில்லை. வீட்டிலிருக்கும் பழைய பையை எடுத்து வரச் சொல்லுங்கள். கடையில் வாங்கும் பைக்குச் சிறு கட்டணம் வையுங்கள். அயர்லாந்து 2002-இல் பிளாஸ்டிக் பைக்கு வரி போட்டதும் அதன் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. காசு கொடுக்க வேண்டும் என்றால் கை தானாக யோசிக்கும்.

மரம் நடுவதைப் பற்றி ஒரே வார்த்தைதான். மூன்று வருடம் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் நடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

சரி, இப்போது உண்மையான வேலைக்கு வருவோம். இன்று இரவு கடை சாத்துவதற்கு அரை மணி நேரம் முன்னால் பின்பக்கம் போய், குப்பைக்குப் போகும் சரக்கை ஒரு மேசையில் பரப்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் நசுங்கிய பொட்டலம். நேற்றே தேதி முடிந்த பால். புதிதாக வந்த சரக்கை முன்னால் அடுக்கியதால் உள்ளேயே தங்கிவிட்ட பாக்கெட்டுகள். அடியில் அழுத்தம் தாங்காமல் கசிந்த காய்கள். ஒரு நோட்டு போட்டு, என்ன பொருள், எவ்வளவு, ஏன் வீணானது என்று மூன்றே கட்டங்கள் போட்டு எழுதுங்கள். நான்கு வாரம் விடாமல் எழுத வேண்டும்.

நான் பார்த்த கடைகளில் அந்த நோட்டு சொன்னது பெரும்பாலும் ஒரே கதைதான். வியாபாரம் மந்தமான நாளுக்கும் மும்முரமான நாளுக்கும் ஒரே அளவு ஆர்டர் போயிருக்கும். கடை சாத்தும்வரை அலமாரி நிரம்பி வழிய வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதை எல்லோரும் பின்பற்றிக்கொண்டிருப்பார்கள். கடைசி ஒரு மணி நேரம் சில தட்டுகள் காலியாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இதைச் சரிசெய்ய முதலீடே வேண்டாம், பணம் மிச்சமும் ஆகும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுவதும் வீணான உணவு சுமார் 105 கோடி டன். இதில் கடைகளின் பங்கு 12 சதவீதம், வீடுகளின் பங்கு 60 சதவீதம். ‘அப்பாடா, நம் பங்கு குறைவு’ என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சீக்கிரம் கெடும் பொருளைத் தள்ளிவிடும்போது, நம் குப்பையைத்தான் வாடிக்கையாளரின் சமையலறைக்கு அனுப்புகிறோம். தேதி நெருங்கிய பொருளை ஒன்று மட்டும் வாங்கினாலே பாதி விலை என்று போடுங்கள். தனியாக இருக்கும் முதியவர் கால் கிலோ கேட்டால் கால் கிலோ கிடைக்கும்படி, சில்லறையாக எடை போட்டும் விற்றுப் பாருங்கள்.

அதற்கு மேலும் மிஞ்சுவதைக் கொடுத்துவிடலாம். பிரான்ஸ் 2016-இல், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் சாப்பிடத் தகுந்த உணவை வேண்டுமென்றே பாழாக்கக் கூடாது, அதை வாங்கிக்கொள்ள அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தது. நீங்கள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கத்திலுள்ள ஒரு விடுதியோடோ முதியோர் இல்லத்தோடோ பேசி, எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வந்து எடுப்பது என்று முடிவுசெய்யுங்கள். நாமே சாப்பிடத் தயங்குவதை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது குளிர்பெட்டி. கதவின் ரப்பரில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது, மின்சாரமும் வீணாகிறது. ரப்பரை மாற்றிவிடுங்கள். கதவில்லாத குளிர்பெட்டிக்கு இரவில் திரையாவது போடுங்கள். அப்புறம், உள்ளே என்ன வாயு ஓடுகிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கடைகளில் பரவலாக இருக்கும் ஆர்-404ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், ஏறக்குறைய 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியானதற்குச் சமம். ‘வருஷா வருஷம் கொஞ்சம் கேஸ் ஏற்றுவோம்’ என்று அவர் சாதாரணமாகச் சொன்னால், அந்தக் கசிவை அடைப்பதே உங்கள் கடையின் பெரிய சுற்றுச்சூழல் பணியாக இருக்கலாம். புதிதாக வாங்கும்போது புரொப்பேன் வாயுவில் இயங்கும் பெட்டியைக் கேளுங்கள்.

சுற்றியிருக்கிற ஜனங்கள் விஷயத்தில் என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வீட்டிலேயே பொருள் தயாரித்துக் கொடுத்த ஒரு அம்மா மாதாமாதம் பில்லை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார். 30 நாளில் தர வேண்டிய பணம் 90 நாளாகும். அந்த இடைவெளியில் அவர் வட்டிக்கு வாங்கித்தான் மூலப்பொருள் எடுத்தார் என்பது, சப்ளையை நிறுத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதே வருடம் அந்த நிறுவனம் ஒரு நலத்திட்ட விழா நடத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இதற்கு விதியே போட்டது: பெரிய நிறுவனங்கள், தங்களைவிடச் சிறிய சப்ளையரிடம் வாங்கும் சீக்கிரம் கெடும் உணவுப் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். நீங்கள் சிறிய சப்ளையர்களுக்கு மட்டுமாவது 7 நாள் என்று வைத்துப் பாருங்கள். விழாவுக்கு ஒதுக்கிய தொகை இதற்குத்தான் வேண்டும். ஒருமுறை சுழற்சியில் போட்டுவிட்டால் அந்தப் பணம் காலியாகாது.

பக்கத்திலிருந்து வாங்கினால் அது தானாகவே பசுமையாகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பெரும்பாலான உணவுப் பொருட்களின் கார்பன் கணக்கில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எப்படி விளைந்தது, எவ்வளவு வீணானது என்பதே பெரிய கணக்கு. பக்கத்து ஆட்களிடம் வாங்குவது அந்த மனிதர்கள் பிழைப்பதற்காக. அந்தக் காரணமே போதும். எடுத்த எடுப்பில் பத்து பேர் வேண்டாம். இரண்டு பேரை எடுத்து, லேபிள், பார்கோடு, ஒரே சீரான எடை என்று கடைக்கு என்ன தேவையோ அதை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். விற்காததையெல்லாம் அவர்கள் தலையிலேயே திருப்பிக் கட்டாதீர்கள்.

உங்களிடம் வேலை செய்யும் 22 பேரும் அதே ஜனங்கள்தான். அடுத்த வார ஷிஃப்ட் எது என்பது முந்தைய வாரமே அவர்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். பிள்ளைகுட்டி உள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்கே தெரியும்.

விளம்பரப் பலகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கணவர் கேட்பார். ‘பசுமைக் கடை’ என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். ஆதாரமில்லாத அப்படிப்பட்ட வாசகங்களுக்குத் தடை விதித்து 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியிருக்கிறது. ‘சென்ற மாதம் குப்பைக்குப் போனது இத்தனை கிலோ, இந்த மாதம் இத்தனை’ என்று எழுதிவையுங்கள். எண்ணிக்கை கூடிய மாதத்திலும் எழுதுங்கள்.

அந்த நோட்டை உங்கள் மகளிடமே கொடுங்கள். விடுமுறையில் நான்கு வாரம் இரவில் ஊழியர்களோடு நின்று அவளே எழுதட்டும். எந்தப் பொருளின் ஆர்டரைக் குறைக்கலாம் என்று அவள் சொன்னால், முதல் மாதம் மறுபேச்சில்லாமல் குறைத்துப் பாருங்கள்.